சாவி யார் கையில்? ஹிப்ஹாப் வளர்ந்த சின்ன அறைகளின் வரலாறு

இந்த எபிசோடை நான் புள்ளலூர்ல இருந்து பேசுறேன். காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமம். ஊர்ப் பேரைப் போட்டுத் தேடினா உங்களுக்கு முதல்ல வர்றது போர்தான். மகேந்திரவர்ம பல்லவன் இங்கே எதிரிகளை வென்றதாகச் செப்பேடு சொல்கிறது. அந்த எதிரி சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அப்புறம் 1780 செப்டம்பர் 10. ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகள் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை இங்கேதான் சுற்றி வளைத்துத் தோற்கடித்தன. அடுத்த வருஷமே இன்னொரு போர். அதில் செத்துப்போன கம்பெனி அதிகாரிகளுக்கு நினைவுத் தூண்கூட நிற்குது.

ராஜாவும் கர்னலும் சண்டை போட்ட இடத்துக்குக் கல் நடுவாங்க. இன்னைக்கு நான் பேசப்போறது கல் நடாத இடங்களைப் பத்தி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பசங்களும் பொண்ணுங்களும் கூடிப் பாடவும் ஆடவும் ஒரு அறை. அதன் வரலாறு. ஹிப்ஹாப்பை வெச்சுப் பேசலாம்னு தோணுச்சு. ஏன்னா ஹிப்ஹாப் கதையை எல்லாரும் பாட்டின் கதையாவும் ஸ்டாரின் கதையாவும்தான் சொல்றாங்க. நான் அதை இடத்தின் கதையா சொல்லப்போறேன். கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: அந்த அறையோட சாவி யார் கையில இருந்தது?

பாட்டுக்கு முன்னாடி ஒரு கூட்டம்

முதல்ல நியூயார்க் போவோம். பிராங்க்ஸ் பகுதி, 1971.

பிராங்க்ஸின் நடுவே ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி திட்டமிட்ட கிராஸ் பிராங்க்ஸ் எக்ஸ்பிரஸ்வே ஏற்கெனவே குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு போயிருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு இழந்தன. வசதி இருந்தவர்கள் கிளம்பினார்கள். மிச்சமிருந்த கட்டடங்களைப் பராமரிக்க ஆளில்லை. எழுபதுகள் முழுக்க தெற்கு பிராங்க்ஸில் வீடுகள் எரிந்துகொண்டே இருந்தன. கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் தெருத்தெருவாகக் கும்பல் சேர்ந்தார்கள். இந்தத் தெருப் பையன் அந்தத் தெருவுக்குப் போனால் உயிரோடு திரும்புவானா என்பது சந்தேகம்.

அந்தக் கும்பல்களில் ஒன்று கெட்டோ பிரதர்ஸ். அவர்களிடம் ஒரு இசைக்குழுவும் இருந்தது. 1971 டிசம்பர் 2 அன்று ஒரு சண்டையைத் தடுக்கப் போன அவர்களின் சமாதானத் தூதர் பிளாக் பெஞ்சி அடித்துக் கொல்லப்பட்டார். எல்லாரும் பழிவாங்கலைத்தான் எதிர்பார்த்தார்கள். கெட்டோ பிரதர்ஸின் பெஞ்சி மெலெண்டஸ் வேற முடிவு எடுத்தார். பழி வேண்டாம், பேசலாம்.

ஆறு நாள் கழித்து, டிசம்பர் 8 அன்று, ஹோ அவென்யூவில் இருந்த பாய்ஸ் கிளப்பில் பல கும்பல்களின் தலைவர்கள் கூடினார்கள். சமாதான ஒப்பந்தம் போட்டார்கள். எல்லாச் சண்டையும் அன்றைக்கே நின்றுவிடவில்லை. ஆனால் ஒரு தெருப் பையன் இன்னொரு தெருவில் நடக்கும் பார்ட்டிக்குப் போகலாம் என்ற நிலை மெல்ல வந்தது.

இதை ஏன் இவ்வளவு விவரமா சொல்றேன்? ஹிப்ஹாப் பிறந்தது 1973னு எல்லாரும் சொல்வாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, எல்லாத் தெருக்காரனும் பயமில்லாம உள்ளே வரக்கூடிய ஒரு கட்டடம் தேவைப்பட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்கான ஒரு சாதாரண கிளப். பாட்டுக்கு முன்னாடியே அறை வந்துடுச்சு.

சிண்டி போட்ட கணக்கு

அடுத்த அறை, 1520 செட்ஜ்விக் அவென்யூ. மேற்கு பிராங்க்ஸில் ஒரு அடுக்குமாடி. தரைத்தளத்தில் குடியிருப்போர் பொதுவாகப் பயன்படுத்தும் ஒரு கூடம். நம்ம அபார்ட்மெண்ட்ல பர்த்டே பார்ட்டிக்கு எடுப்போமே, அந்த மாதிரி ஹால்.

1973 ஆகஸ்ட் 11. ஜமைக்காவிலிருந்து வந்த கேம்ப்பெல் குடும்பத்துப் பெண் சிண்டி அந்தக் கூடத்தை வாடகைக்கு எடுத்தார். பள்ளிக்கூடம் திறக்கப்போகுது, புது டிரஸ் வாங்கப் பணம் வேணும். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். பாட்டு போட்டது அவருடைய அண்ணன் கிளைவ், வயது 18. உலகம் அவரை கூல் ஹெர்க் என்று அறிகிறது.

ஹெர்க் கவனித்தது ஒரு சின்ன விஷயம். பாட்டு முழுக்க ஆடாதவர்கள்கூட, தாளம் மட்டும் தனியா வரும் அந்தச் சில விநாடிகளில் பாய்ந்து ஆடினார்கள். அந்தப் பகுதிக்கு பிரேக்னு பேரு. ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, ஒன்றில் பிரேக் முடியும்போது இன்னொன்றில் அதே இடத்தைத் தொடங்கி, சில விநாடியைச் சில நிமிடமாக நீட்டினார். அந்த பிரேக்கில் ஆடியவர்கள் பி-பாய், பி-கேர்ள் ஆனார்கள். மைக்கில் கூட்டத்தைக் கூப்பிட்ட குரல் மெல்ல மெல்ல ராப் ஆனது.

எல்லாரும் ஹெர்க்கைக் கொண்டாடுறாங்க, சரிதான். ஆனா அந்தக் கூடத்தை எடுத்தது யார்? கட்டணம் முடிவு பண்ணினது யார்? சிண்டி. நடத்துறவங்க பேரு எப்பவும் போஸ்டர்ல கீழேதான் இருக்கும். நம்ம ஊர் கச்சேரியிலும் அப்படித்தானே?

இன்னொரு அறையையும் சொல்லணும். பிராங்க்ஸ் ரிவர் குடியிருப்பின் சமுதாயக் கூடம். பிளாக் ஸ்பேட்ஸ் என்ற கும்பலில் இருந்த ஆஃப்ரிகா பம்பாட்டா அங்கே பார்ட்டிகள் நடத்தி, கும்பல் பசங்களை ஸூலு நேஷன் என்ற அமைப்பாக மாற்றினார். ராப், டிஜே, பிரேக்கிங், கிராஃபிட்டி நான்கையும் ஒரே கலாச்சாரமாகச் சேர்த்துச் சொன்னதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 2016ல் அவர் மீது பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டுகள் வந்தன. சிறுவயதில் நடந்ததாகப் பல ஆண்கள் சொன்னார்கள். அவர் மறுத்தார். வரலாற்றில் இதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. பிள்ளைகள் வரும் அறையின் சாவி ஒரே ஒருத்தர் கையில், கேள்வி கேட்க ஆளில்லாமல் இருக்கக் கூடாது. அவர் எவ்வளவு பெரிய பேர்வழியாக இருந்தாலும். அறை வேணும்னு பேசுறவங்க இதையும் சேர்த்துப் பேசணும்.

பிறந்த வீட்டுக்கே நோட்டீஸ்

சரி, 1520 செட்ஜ்விக் கட்டடம் அப்புறம் என்ன ஆச்சு? இதைச் சொல்லாம பல ஹிப்ஹாப் வரலாறு முடிஞ்சுடும்.

அது நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு வாடகை ஏறாமல் காக்கும் ஒரு அரசுத் திட்டத்தின் கீழ் இருந்த கட்டடம். 2007 வாக்கில் உரிமையாளர் அந்தத் திட்டத்திலிருந்து வெளியே வந்து விற்க முயன்றார். விற்றால் வாடகை ஏறும், குடியிருப்பவர்கள் கிளம்ப வேண்டியதுதான். அவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். இது ஹிப்ஹாப் பிறந்த இடம், எங்களை வெளியேற்றாதீங்க என்று கேட்டார்கள். ஹெர்க்கே வந்து பக்கத்தில் நின்றார். மாநில அரசு அந்த இடத்தின் வரலாற்று முக்கியத்துவத்தை ஒப்புக்கொண்டது.

அப்படியும் 2008ல் கட்டடம் கைமாறியது. பராமரிப்பு மோசமானது. கடைசியில் நகர நிர்வாகத்தின் உதவியோடு, குறைந்த வாடகை வீடுகளைப் பாதுகாக்கும் ஒரு நிறுவனம் அதை வாங்கியபிறகுதான் மூச்சு வந்தது.

யோசிச்சுப் பாருங்க. அந்தக் கூடத்தில் பிறந்த இசை உலகம் முழுக்கக் கோடி கோடியாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த நேரம் அது. அதே கட்டடத்தில் இருந்தவர்கள் வாடகைக்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு ஊர் ஊராகப் போகும். அறை இருந்த இடத்திலேயே இருக்கும், அதனால அதைக் காலி பண்ணச் சொல்றதும் சுலபம்.

பிராங்க்ஸ் மாதிரியே ஆசியாவிலும் ஒரு அறை. கம்போடிய அகதிக் குடும்பத்தில் பிறந்து, கலிஃபோர்னியாவில் வளர்ந்து, அங்கே கும்பலில் சேர்ந்து சிறைக்குப் போன துய் சோபில் என்பவரை அமெரிக்கா 2004ல் கம்போடியாவுக்கு நாடு கடத்தியது. அவர் அதுவரை வாழ்ந்தே இராத நாடு. இவருக்கு பிரேக்கிங் தெரியும் என்று கேள்விப்பட்ட தெருப் பிள்ளைகள் சிலர் அவரைத் தேடி வந்து, சொல்லிக்கொடுங்க என்று கேட்டார்கள். அவருடைய வீட்டிலேயே தொடங்கியதுதான் நாம்பென் நகரத்தின் டைனி டூன்ஸ். பிறகு அது பிரேக்கிங்கோடு கெமர், ஆங்கிலம், கணக்கு எல்லாம் சொல்லித் தரும் மையமாக வளர்ந்தது. கவனிங்க, அதைத் தொடங்கி வெச்சது ஒரு அரசோ கம்பெனியோ இல்ல. கதவைத் தட்டின பசங்க.

இதெல்லாம் நமக்குப் புதுசா?

இப்போ நம்ம பக்கம் வருவோம். இதெல்லாம் அமெரிக்க விஷயம், நம்ம பசங்க காப்பி அடிக்கிறாங்கன்னு ஒரு பேச்சு உண்டு. எனக்கு அது சரியாப் படலை. இளைஞர்களே நடத்துற அறை என்பது தமிழ்நாட்டுக்குப் பழக்கமான விஷயம். நாம அதுக்கு வெச்ச பேரு மன்றம்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் திராவிட இயக்கம் வளர்ந்தது மேடையில் மட்டும் இல்லை. படிப்பகங்களிலும் வளர்ந்தது. ஒரு கொட்டகை, ஒரு பெஞ்சு, நாலு பத்திரிகை. ஒருத்தர் சத்தம் போட்டுப் படிப்பார், படிக்கத் தெரியாதவர்கள் கேட்பார்கள். பொதுவுடைமைக் கட்சிக்காரர்களுக்கும் படிப்பகம் இருந்தது. சேரிகளில் அம்பேத்கர் பேரில் இரவுப் பள்ளிகள் நடந்தன. காலேஜ் போற அக்காவும் அண்ணனும் எட்டாவது படிக்கிறவங்களுக்கு டியூஷன் எடுத்தார்கள். வடசென்னையில் குத்துச்சண்டைப் பரம்பரைகளும் கேரம் கிளப்புகளும் இருந்தன. ரசிகர் மன்றமும் அப்படித்தான். கட் அவுட்டுக்குப் பால் ஊத்தினதை மட்டும்தான் பேசுறோம். ரத்த தானம் பண்ணதும் நோட்டுப் புத்தகம் கொடுத்ததும் அதே மன்றம்தான்.

தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் வந்தது. பாட்டும் வீதி நாடகமும் வழியாக எழுத்தைக் கொண்டுபோனது. புதுக்கோட்டையில் பெண்கள் எழுதப் படிக்கக் கற்றதோடு சைக்கிள் ஓட்டவும் கற்றது அப்போதுதான். அந்த இயக்கத்தில் இருந்த பெற்றோரின் பிள்ளைதான் அரக்கோணத்துக்காரரான ராப் பாடகர் அறிவு. 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் முழுக்கப் போனப்போ, ஒரு பையன் திடீர்னு வந்துட்டான்னு எழுதினாங்க. திடீர்னு யாரும் வர்றதில்லைங்க. பின்னால ஒரு இரவு வகுப்பு, ஒரு பறை, ஒரு பாட்டி குரல் எல்லாம் இருக்கும்.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். பேருக்குப் பின்னால இருக்கிறது அயோத்திதாசப் பண்டிதர். சாதிபேதமற்ற தமிழர் என்று அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொன்னது. சாவு வீட்டோட ஓரத்தில் மட்டும் பாட அனுமதிக்கப்பட்ட கானாவுக்கு நகரத்து நடுவில் ஒரு மைதானம் கிடைத்தது. அதுவும் இடத்தின் கதைதான்.

தாராவியில் ஒரு ஹிப்ஹாப் பள்ளி

தமிழ்ப் பிள்ளைகள் போகிற ஹிப்ஹாப் பள்ளி ஒன்று மும்பையில், தாராவியில் இருக்கு.

தாராவி சுமார் இரண்டு சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதற்குள் லட்சக்கணக்கானவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தமிழர்கள் தோல் பதனிடும் தொழிலுக்காக அங்கே போனார்கள். இன்றைக்கும் 90 அடி சாலைப் பக்கம் நடந்தால் தமிழ்ப் பெயர்ப் பலகை பார்க்கலாம். காலையில் இட்லி விற்கிறவர்கள் பலர் நம்ம ஊர்க்காரர்கள். 1966ல் சிவசேனா தொடங்கியபோது அதன் கோபத்துக்கு முதல் இலக்கு தென்னிந்தியர்கள்தான். 1992–93 கலவரமும் தாராவியைக் கிழித்தது. வெளியூர்க்காரன் என்ற வார்த்தையைக் கேட்டே வளர்ந்த தலைமுறை அது.

2009ல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' ஆஸ்கர்களை அள்ளியது. ஏ.ஆர். ரஹ்மானுக்கு இரண்டு. நாடே கொண்டாடியது. ஆனால் அந்தப் பேரில் இருந்த 'டாக்' பலரையும் குத்தியது. பிறகு தாராவியில் பிள்ளைகளுக்கு இலவசமாக பிரேக்கிங் சொல்லிக்கொடுத்த ஒரு இளைஞர் குழு தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ஸ்லம்காட்ஸ். நாயைக் கடவுளாகத் திருப்பிப் போட்டார்கள். ஒரு பேரிலேயே பதில்.

2015ல் தாராவி ட்ரீம் ப்ராஜெக்ட் தொடங்கியது. டாலி ரதேஷ்வர் அதன் நிறுவனர்களில் ஒருவர். ரஹ்மானும் சேகர் கபூரும் சமீர் பங்காராவும் சேர்ந்து தொடங்கிய க்யூகி நிறுவனம் பின்னால் நின்றது. பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளுக்கு ராப், பீட்பாக்ஸிங், பிரேக்கிங், டிஜே, கிராஃபிட்டி. கட்டணம் இல்லை. சொல்லிக்கொடுப்பவர்களில் பலர் தாராவியிலேயே வளர்ந்த இளைஞர்கள். நேத்து மாணவன், இன்னைக்கு வாத்தியார். ஒரு இடத்தை இளைஞர்கள் நடத்துறாங்களான்னு பார்க்க எனக்கு இதுதான் அளவுகோல். நிறுவனத்துக்குப் பணம் யார் கொடுக்கிறாங்க என்பது ஒரு கேள்வி. அடுத்த வாத்தியார் எங்கேருந்து வர்றார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

ஏன் அங்கே ஹிப்ஹாப் பிடிச்சுது? ரொம்ப எளிமையான காரணங்கள். வயலின் வாங்க வேண்டாம், பீட்பாக்ஸுக்கு வாய் போதும். பிரேக்கிங்குக்குச் சமதளத் தரையும் ஒரு ஸ்பீக்கரும் போதும். பெரிய குரு வேண்டாம், யூடியூபைப் பார்த்து ஒருத்தன் கத்துக்கிட்டு நாலு பேருக்குச் சொல்லலாம். வட்டமா நின்னா அதுதான் மேடை. அப்புறம் மொழி. ஒரே சந்தில் தமிழ், மராத்தி, இந்தி, உருது. தாராவியின் டோபடெலிக்ஸ் குழுவும் 7 பண்டாய்ஸ் குழுவும் பல மொழிகளைக் கலந்தே ராப் பண்ணினார்கள், தமிழ் உட்பட. தாராவித் தமிழர்களைப் பற்றி 2018ல் வந்த 'காலா' படத்தில் டோபடெலிக்ஸ் பாட்டெழுதி, பாடி, திரையிலும் வந்தார்கள். மறு வருஷம் 'கல்லி பாய்' வந்தது. தாராவி ராப் தேசத்துக்கே தெரிந்தது.

படம் வந்தப்புறம் கேமராக்கள் வந்தன, விளம்பரம் வந்தது. நல்லதுதான். சில பிள்ளைகளுக்கு அது தொழிலே ஆனது. ஆனா பாட்டுக்கு வந்த வெளிச்சம் இடத்துக்கு வந்ததா?

2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை அதானி குழுமம் ஜெயித்தது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை நிரூபிப்பவர்களுக்கு தாராவியிலேயே இலவச வீடு. 350 சதுர அடி. மாடியில் இருப்பவர்களுக்கும் பிறகு வந்தவர்களுக்கும் தாராவிக்கு வெளியே, வேறு நிபந்தனைகளோடு. இதை ஆதரிப்பவர்களும் உண்டு. கழிவறைக்கு வரிசையில் நிற்கிற ஒருத்தருக்குச் சொந்தக் கழிவறையோடு வீடு என்றால் அது சின்ன விஷயம் இல்லை. எதிர்ப்பவர்களும் உண்டு, தொழிலும் அக்கம்பக்கமும் சிதறிப்போகும் என்ற பயத்தில். நான் கேட்கிறது வேற. வீட்டுக்குக் கணக்கெடுப்பு உண்டு, கடைக்கும் உண்டு. சாயங்காலம் முப்பது பிள்ளைகள் ஆடுகிற அறையை அந்தக் கணக்கில் எந்தக் கட்டத்தில் எழுதுவாங்க?

இது மும்பைக் கதைன்னு விட்டுடாதீங்க. சென்னையில் 2000க்குப் பிறகு நகரின் நடுவிலிருந்த குடிசைப் பகுதி மக்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினோம். குடும்பத்துக்கு ஒரு வீடு கொடுத்தார்கள். கூவம் கரையிலிருந்த படிப்பகத்தையும் கேரம் கிளப்பையும் கானா திண்ணையையும் யாரும் லாரியில் ஏற்றவில்லை. 2020ல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரைந்தது. அழகா இருக்கு, போய்ப் பாருங்க. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. சுவர் ஓவியம் வந்து பார்க்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான். அறை அங்கேயே இருக்கிறவங்களுக்கு.

காஞ்சிபுரத்தில் பதினெட்டு வருஷம்

இப்போ காஞ்சிபுரத்துக்கே வர்றேன். இங்கே ஹிப்ஹாப் மையம் இல்லைன்னா, இளைஞர் கலை மையமே இல்லையா? இருந்துச்சு.

இந்தப் பக்கம் இரவெல்லாம் ஆடுகிற கலை கட்டைக்கூத்து. திரௌபதி அம்மன் கோயில் பாரத விழா வந்தால் ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை. தோளிலும் தலையிலும் கட்டுகிற மரக்கட்டை ஆபரணங்கள், அதனால்தான் அந்தப் பேர். பி. ராஜகோபால் என்ற கூத்துக் கலைஞரும் ஹன்னே டி புருயின் என்ற ஆய்வாளரும் சேர்ந்து காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் 2002ல் கட்டைக்கூத்து குருகுலத்தைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே, 1990ல், கலைஞர்கள் சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்திருந்தார்கள். குருகுலத்தில் கிராமத்துப் பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். பள்ளிப் பாடமும் உண்டு, கூத்தும் உண்டு. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கலையில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள்.

இது ஹிப்ஹாப்பிலிருந்து ரொம்ப தூரம்னு நினைக்கிறீங்களா? வட்டமாக் கூடின கூட்டம், நடுவில் ஒருத்தர் வார்த்தையால் இன்னொருத்தரை மடக்குவது, தாளத்துக்குப் பாய்ந்து சுழல்வது. கட்டியக்காரன் அன்றைக்கு ஊரில் நடந்ததையே எடுத்துக் கிண்டல் பண்ணுவார், அதிகாரியையும் விடமாட்டார். ஒரு எம்சி செய்கிற வேலைதானே அது?

குருகுலம் 2020ல் மூடப்பட்டது. பதினெட்டு வருஷம். அங்கே படித்தவர்களில் பலர் இன்றும் கூத்தாடுகிறார்கள். கலை சாகலை. ஆனா பன்னிரண்டு வயசுப் பொண்ணு ஒருத்தி இன்னைக்குக் கூத்து கத்துக்கணும்னா, அந்த வாசல் மூடியிருக்கு. ஆடத் தெரிந்தவர் இருக்கிற ஊரில் ஆடக் கத்துக்க இடம் இல்லாம போறது. ஒரு கலைக்கு நஷ்டம் எங்கே தொடங்குதுன்னு இதுல தெரியும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்றது

கடைசியா, இதே மாவட்டத்தில் நாம பெருமையா காட்டுற ஒரு சுவர். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919ம் 921ம். குடவோலை முறை. முப்பது குடும்புகள், ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு, சின்னப் பையனைக் கொண்டு எடுப்பது. பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பீங்க.

தகுதிகளைத் திரும்பப் படிச்சுப் பாருங்க. வரி செலுத்தும் கால் வேலி நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு பிராமணர் ஊரின் சபை. அதாவது இடம் இருந்தால்தான் குரல். நிலமில்லாத உழவனுக்கும் பெண்களுக்கும் இருபது வயசுக்காரனுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. ஆயிரம் வருஷம் கழிச்சு பிராங்க்ஸிலும் தாராவியிலும் பசங்க ஒரு அறையைப் பிடிச்சு மைக்கை எடுத்தது இந்த விதிக்குத்தான் பதில். நிலம் இல்ல, பட்டா இல்ல, ஆனா பேசுவோம்.

அதே கல்வெட்டில் நாம எடுத்துக்க வேண்டிய ரெண்டு விதியும் இருக்கு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது, அவன் உறவுக்காரர்களும் நிற்க முடியாது. கடந்த மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் திரும்ப வர முடியாது. ஒரு இளைஞர் மையம் நிலைக்கணும்னா இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியலை. சாவி கை மாறிக்கொண்டே இருக்கணும். வரவு செலவு சுவரில் ஒட்டியிருக்கணும். நான் இன்னும் ரெண்டு சேர்ப்பேன். வகுப்பு நடக்கும்போது கதவு திறந்தே இருக்கணும். பொண்ணுங்க வந்து திரும்புற நேரத்தை வெச்சு வகுப்பு நேரத்தை முடிவு பண்ணணும். ஏழரை மணிக்கு பஸ் இல்லைன்னா அந்த மையம் பசங்க மையமாத்தான் இருக்கும், மைய வாசலில் என்ன எழுதியிருந்தாலும்.

அறைக்கு எங்கே போறது? நிறைய இருக்குங்க. 2006ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகம் கட்டினார்கள். பல ஊர்களில் அது பூட்டிக் கிடக்கு. சமுதாயக் கூடம் கல்யாணத்துக்கும் தேர்தலுக்கும் மட்டும் திறக்கும். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயது வரைக்கும் பாட்டும் நடனமும் ஓவியமும் சொல்லித் தருகின்றன, ஆனால் அவை பெரும்பாலும் நகரங்களில். பூட்டின கட்டடத்தைச் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் திறக்கணும்னு கேட்கிற இடம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூடவே மார்ச் 22, நவம்பர் 1. பதினெட்டு வயசு ஆன யாரும் எழுந்து பேசலாம். கால் வேலி நிலம் தேவையில்லை. நகரத்துல இருக்கிறவங்க ஏரியா சபையில் கேட்கலாம்.

சிண்டி கேம்ப்பெல் ஒரு கூடத்தை ஒரு ராத்திரிக்குத்தான் எடுத்தார். ஐம்பது வருஷத்துக்கு மேலாச்சு, நாம இன்னும் அதைப் பத்திப் பேசிட்டிருக்கோம். உங்க தெருவுல பூட்டிக் கிடக்கிற அறை எது, அந்தச் சாவி இப்போ யார்கிட்ட இருக்கு? இந்த வாரம் அதை மட்டும் விசாரிச்சு வையுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.